வைஸில் இறுக்கிய பட்டையும் பத்துக் கணு நான்முகியும்

சேலம் சூரமங்கலத்தில் ஒரு லேத் பட்டறை. அங்கிருந்த வைஸில், 20 மில்லிமீட்டர் அகலமும் 10 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட எம்.எஸ். (மென் எஃகு) பட்டை ஒன்றைப் படுக்கைவாக்கில் இறுக்கி, 200 மில்லிமீட்டர் வெளியே நீண்டிருக்குமாறு அளந்து, அதன் நுனியில் பத்துக் கிலோ எடைக்கல் ஒன்றைத் தொங்கவிட்டோம். நுனியைத் தொட்டுக்கொண்டிருந்த டயல் கேஜின் முள் 0.8 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டி நின்றது. ஒரு பொருளைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, சுமையில் அது எவ்வளவு வளையும், தாங்குமா என்று கணினியில் கணிக்கும் முறையை, எஃப்.இ.ஏ. என்று நாங்கள் சுருக்கமாகச் சொல்வதை, நான் கல்லூரியில் ஒரு பாடமாகப் படித்திருந்தேன். வேலைக்கு வந்த பிறகு இரண்டாண்டுகள் நாள்தோறும் அதைப் பயன்படுத்தியும் வந்திருந்தேன். ஆயினும் ஒரு திடப்பொருளுக்கு எந்த எலிமெண்டை, அதாவது எந்த வகைத் துண்டை, தேர்வது என்ற கேள்வியின் கனம் அந்த முள் நின்ற இடத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

அங்கே போக நேர்ந்த காரணத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலை ஒன்றில், குலுக்குச் சல்லடையின் மோட்டாரைத் தாங்குவதற்காக வார்ப்பில் எடுத்த ஒரு பிராக்கெட்டை நான் கணினியில் சோதித்து, தாங்கும் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். சில மாதங்களில், விலா போன்ற ரிப் அடித்தகட்டோடு சேரும் வளைவில் மயிரிழை போல ஒரு விரிசல் ஓடியது. யாருக்கும் அடிபடவில்லை, ஆலை இரண்டு நாள் நின்றது. வார்ப்பைக் கடைந்து கொடுத்த பட்டறைக்கார அண்ணன் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. உடைந்த துண்டை மேசைமேல் வைத்துவிட்டு, "தம்பி, இந்தப் பெரிய சமாச்சாரத்தை அப்புறம் பார்ப்போம். ஒரு வெறும் பட்டை எவ்வளவு வளையும்னு உங்க கம்ப்யூட்டர்ல பார்த்துச் சொல்லுங்க, நான் கேஜ் வச்சு அளக்கறேன்" என்றார்.

பிராக்கெட்டுக்கு வைத்த அதே அமைப்பை அப்படியே பட்டைக்கும் வைத்தேன். நான்கு கணு நான்முகி எலிமெண்ட் (நான்கு முக்கோண முகங்கள் கொண்ட துண்டு; கணு என்பது பக்கத்துத் துண்டோடு இணையும் புள்ளி), 10 மில்லிமீட்டர் அளவு, மென்பொருள் தானாகப் போட்ட மெஷ், அதாவது துண்டுகளின் வலை. கணினி சொன்ன வளைவு, கேஜ் காட்டியதில் பாதியைக்கூட எட்டவில்லை.

கணினியையும் கேஜையும் விட்டுவிட்டு ஒரு தாளில் கணக்கைப் போட்டால் யார் பக்கம் நியாயம் என்பது உடனே தெரிந்துவிடும். ஒரு முனை இறுகிய பட்டையின் நுனி வளைவு என்பது சுமையை நீளத்தின் மூன்றாம் அடுக்கால் பெருக்கி, யங் குணகத்தையும் (பொருளின் விறைப்பு) குறுக்குவெட்டின் இரண்டாம் திருப்புமையையும் (குறுக்குவெட்டின் வடிவம் வளைவை எதிர்க்கும் அளவு) மூன்றையும் பெருக்கி வந்த எண்ணால் வகுத்தால் கிடைப்பது. பத்துக் கிலோவின் சுமை ஏறத்தாழ 100 நியூட்டன், நீளம் 200 மில்லிமீட்டர், எஃகின் யங் குணகம் 200 கிகாபாஸ்கல், இரண்டாம் திருப்புமை ஏறத்தாழ 1667 மில்லிமீட்டரின் நான்காம் அடுக்கு. விடை 0.8 மில்லிமீட்டர். வைஸின் விளிம்பில் பட்டையின் மேற்பரப்பில் எழும் தகைவு, அதாவது ஓரலகுப் பரப்புக்கு விழும் உள்விசை, 60 மெகாபாஸ்கல். கேஜ் காட்டியது இதைவிடச் சற்றுக் கூடியதற்குக் காரணம், வைஸும் தன் பங்குக்குச் சிறிது நெகிழ்ந்ததுதான். இந்த 0.8-ஐயும் 60-ஐயும் வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். கீழே சொல்லப் போகும் எல்லா எலிமெண்டுகளையும் இந்த இரண்டு எண்களைக் கொண்டுதான் எடை போடப் போகிறேன்.

எலிமெண்ட் என்பதைப் பொருளை வெட்டிய ஒரு துண்டு என்று மட்டும் பாடத்தில் படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். உண்மையில் அது ஒரு கட்டுப்பாடு. தன் கணுக்கள் எப்படி நகர்ந்தாலும், அவற்றுக்கு நடுவே உள்ள பொருள் இன்ன வடிவத்தில்தான் நகரும் என்று அது முன்கூட்டியே விதித்துவிடுகிறது. நான்கு கணு நான்முகியில் அந்த விதி மிகக் கடுமையானது: நகர்வு நேர்கோட்டில்தான் மாறலாம், ஆகவே அந்த எலிமெண்டின் உடல் முழுவதற்கும் திரிபு, அதாவது பொருள் நீளும் அல்லது சுருங்கும் விகிதம், ஒரே மதிப்பாகத்தான் இருக்கும். 1956-இல் டர்னர், கிளஃப், மார்ட்டின், டாப் ஆகிய நால்வர் விமானக் கட்டமைப்புகளின் விறைப்பைக் கணிக்க எழுதிய கட்டுரையில் வந்த மூன்று கணு முக்கோணமும் இதே குணம் உடையதுதான்; இந்த முறைக்குப் பெயர் சூட்டியவரும் அந்தக் கிளஃப்தான், 1960-இல். கையில் வேறு கருவி இல்லாத காலத்தில் அந்த முக்கோணம் பெரிய சாதனை. அதன் முப்பரிமாண வாரிசை இன்றைக்கும் யோசிக்காமல் எடுத்துக்கொள்வதற்கு அது நியாயமாகாது.

வளையும் பட்டையை நினைத்துப் பாருங்கள். மேற்பரப்பு இழுபடுகிறது, அடிப்பரப்பு அமுங்குகிறது, நடுவில் இரண்டும் இல்லை. ஒரே திரிபு மதிப்பை மட்டும் சுமக்கத் தெரிந்த ஒரு எலிமெண்ட் பட்டையின் முழுத் தடிமனையும் அடைத்துக்கொண்டு உட்கார்ந்தால், இழுபடுவதா அமுங்குவதா என்பதை அது எப்படிச் சொல்லும்? சொல்ல முடியாததால் வளைய மறுக்கிறது. விறைத்துக்கொள்கிறது. விறைத்த மாதிரியில் வளைவு குறையும், தகைவும் குறையும், தகைவை நிறங்களால் காட்டும் வண்ணப்படத்தில் எல்லாம் ஆபத்தில்லாத பச்சையாகத் தெரியும். தவறு பாதுகாப்பான பக்கத்தில் விழுவதாகத் தோன்றும். ஆனால் தகைவைக் குறைத்துக் காட்டும் தவறைவிட ஆபத்தான தவறு எங்கள் தொழிலில் வேறில்லை.

ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. அந்த வளைவுகளின் ஓரத்தில் நேரான கற்களை நட்டு வரிசையாகத் தடுப்பு அமைக்க வேண்டுமென்றால் கல்லுக்குக் கல் இடைவெளியைச் சுருக்கிக்கொண்டே போக வேண்டும். வளைத்த இரும்புக் குழாய் கிடைத்தால் ஒரு வளைவுக்கு இரண்டு மூன்று போதும். நேர்விளிம்பு எலிமெண்டுக்கும், விளிம்பின் நடுவிலும் ஒரு கணு வைத்திருக்கும் இருபடி எலிமெண்டுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ இதுதான். இருபடி எலிமெண்ட் பொருளின் வளைந்த வடிவத்தைப் பின்பற்றுவதோடு, அதன் நகர்வும் வளைந்து மாற இடம் தருகிறது.

அந்த வாரம் முழுவதும் நான் பட்டையை விட்டு நகரவில்லை. நான்முகியை எடுத்துவிட்டு, செங்கல் போன்ற எட்டுக் கணு அறுமுகியைப் போட்டேன். எங்கள் பேச்சில் இது ஹெக்ஸ். ஹெக்ஸ் என்றாலே நல்லது என்ற ஒரு நம்பிக்கை எங்களிடையே உண்டு, நானும் நம்பினேன். 20 மில்லிமீட்டர் நீளமுள்ள செங்கற்களைத் தடிமனுக்கு ஒன்றாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் எட்டுக் காஸ் புள்ளிகளோடு (எலிமெண்டுக்குள் திரிபைக் கணக்கிடும் இடங்கள் இவை), அதாவது முழுத் தொகையீட்டோடு ஓட்டியபோது வளைவு 0.3 மில்லிமீட்டரைக்கூடத் தொடவில்லை. செங்கலின் விளிம்புகள் நேராகவே இருந்தாக வேண்டும் என்பதால், வளைய முயலும்போது அது சரிவகமாகச் சாய்கிறது. உண்மைப் பட்டையில் இல்லாத ஒரு நறுக்குத் திரிபு (அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று சறுக்குவது) அதற்குள் முளைத்து, கொடுத்த ஆற்றலையெல்லாம் தின்றுவிடுகிறது. இதைத்தான் ஷியர் லாக்கிங், நறுக்குப் பூட்டு, என்கிறார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன், ஏனெனில் இதற்குப் பலரும் சொல்லும் மருந்து பாதிதான் சரி. தடிமனுக்கு மூன்று நான்கு அடுக்கு வையுங்கள், எல்லாம் சரியாகிவிடும் என்பார்கள். முழுத் தொகையீட்டுச் செங்கலில் அது நடப்பதில்லை. பாய்சான் விகிதத்தை (ஒரு திசையில் நீளும்போது குறுக்கே சுருங்கும் விகிதம்) ஒதுக்கிவைத்துவிட்டு ஒரு கைக்கணக்குப் போட்டால், அந்தப் பொய்யான நறுக்குத் திரிபு எலிமெண்டின் நடுவிலிருந்து நீளவாக்கில் எவ்வளவு தள்ளிப் போகிறோமோ அவ்வளவு வளர்கிறது என்பது தெரியும். எலிமெண்டின் உயரம் அந்தக் கணக்கில் வருவதே இல்லை. விறைப்பு எத்தனை மடங்காகிறது என்றால், எலிமெண்டின் நீளத்தைப் பட்டையின் மொத்தத் தடிமனால் வகுத்து, வர்க்கப்படுத்தி, பாதியாக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். நீளம் 20, தடிமன் 10 என்றால் மூன்று மடங்கு, 0.8 வளைய வேண்டியது 0.27 வளையும். நீளம் 10 என்றால் ஒன்றரை மடங்கு, வளைவு 0.53. நீளம் 5 என்றால் 0.71. நீளம் 2.5-க்கு வந்தபோதுதான் 0.78. தடிமனில் எத்தனை அடுக்கு வைத்தாலும் நீளத்தைச் சுருக்காதவரை இந்தப் பூட்டு கழலாது. நான் முதலில் தடிமனில் எட்டு அடுக்கு வைத்துவிட்டு, வளைவு ஏன் நகரவே மாட்டேனென்கிறது என்று ஒரு மாலைப் பொழுதைத் தொலைத்தேன்.

சரி, எட்டுக் காஸ் புள்ளிகளுக்குப் பதிலாக நடுவில் ஒரே ஒரு புள்ளியை வைத்துக் கணக்கிட்டால் என்ன? நடுப்புள்ளியில் அந்தப் பொய்யான நறுக்குத் திரிபு பூச்சியம், பூட்டு கழன்றுவிடும். குறைத்த தொகையீடு என்பது இதுதான். அபாகஸ், கால்குலிக்ஸ் ஆகிய மென்பொருள்களில் சி3டி8ஆர் என்ற பெயரில் இருப்பது இந்த எலிமெண்ட். ஆனால் ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை வாங்கிக்கொள்கிறோம். எட்டுக் கணுக்களுக்கு மொத்தம் 24 நகர்வுச் சுதந்திரங்கள். அவற்றில் 6 பொருள் உருமாறாமல் நகர்வதற்கும் திரும்புவதற்கும் போய்விடும். ஒரே ஒரு காஸ் புள்ளியால் காண முடிந்தது ஆறு திரிபுகளை மட்டும். மீதி 12 வகை உருமாற்றங்கள் அந்தப் புள்ளியின் கண்ணுக்குத் தெரியாமலே நடக்கும், ஆற்றல் எதுவும் செலவாகாமல். நான்கு மூங்கில்களை நட்டு மேலே நான்கைக் கட்டி, குறுக்குக்கட்டை கொடுக்காமல் விட்ட பந்தல் காற்றில் எப்படிச் சாய்ந்தாடுமோ, அப்படி மெஷ் முழுவதும் நெளியும். உருமாறிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஒன்றுவிட்டு ஒன்று உள்ளும் வெளியும் பிதுங்கிய மணற்கடிகார வடிவங்கள் தெரியும். அவர்கிளாஸ் என்ற பெயர் அதனால் வந்தது. 1981-இல் ஃப்ளானகனும் பெலிச்கோவும் இதைக் கட்டுப்படுத்தும் ஒரு முறையைத் தந்தார்கள். இன்றைய மென்பொருள்கள் இவ்வகை முறைகளால் செயற்கையாக ஒரு விறைப்பைச் சேர்த்து அந்த ஆட்டத்தை அடக்குகின்றன. அந்தச் செயற்கை ஆற்றல் மொத்த உள்ளாற்றலில் சில சதவீதத்தைத் தாண்டினால், விடையை நம்பாமல் மெஷைத் திருத்துவதே முறை.

அடுக்குக் கணக்கு உண்மையில் இங்கேதான் முக்கியமாகிறது. ஒற்றைப் புள்ளிச் செங்கலைத் தடிமனுக்கு ஒன்றாக வைத்தால் அந்தப் புள்ளி பட்டையின் நடுவரிசையில் உட்கார்ந்திருக்கும்; அங்கே வளைவின் திரிபு இல்லை; ஆகவே பட்டைக்கு வளைவை எதிர்க்கும் வலுவே இல்லாமல் போகும், செயற்கை விறைப்பு ஒன்றே மிஞ்சும். நான்கு அடுக்கு வைத்தால் வளைவு ஏழு சதவீதம் கூடுதலாக வரும், பரவாயில்லை எனலாம். ஆனால் தகைவைப் பாருங்கள். மேலடுக்கின் காஸ் புள்ளி பட்டையின் நடுவிலிருந்து 3.75 மில்லிமீட்டரில் இருக்கிறது, பரப்போ 5 மில்லிமீட்டரில் இருக்கிறது. அந்தப் புள்ளியில் கணக்கு தருவது 48 மெகாபாஸ்கல். பரப்பில் உண்மையில் இருப்பது 60. எலிமெண்டுக்குள் ஒரே ஒரு புள்ளிதான் என்பதால் பரப்புக்கு நீட்டிப் பார்க்கவும் வழியில்லை. 48 தான் வண்ணப்படத்தில் பரப்பின் தகைவாக வந்து நிற்கும். விரிசல் பெரும்பாலும் பரப்பிலிருந்துதான் தொடங்குகிறது என்பதை உடைந்த பிராக்கெட்டை மேசைமேல் வைத்துக்கொண்டு யோசித்தவனுக்கு, இந்த 12 மெகாபாஸ்கல் சின்ன விஷயமாகப் படவில்லை. மோதல், விழுதல், தகடு கசங்குதல் போன்ற மிகக் குறுகிய நேர நிகழ்வுகளுக்கு இந்த எலிமெண்ட் மிகச் சிறந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். லட்சக்கணக்கான காலப்படிகளைக் கடக்கும் அந்தக் கணக்குகளில் ஒரே புள்ளி என்பது பெரிய வரம்.

எட்டுக் கணுச் செங்கலுக்கு வளையக் கற்றுக்கொடுக்க இன்னொரு வழி இருக்கிறது, எனக்கு அதன் மேல் தனிப் பிரியம். எட்வர்ட் வில்சனும் அவருடன் பணியாற்றியவர்களும் 1973-இல், கணுக்களோடு ஒட்டாத சில வளைந்த நகர்வு வடிவங்களை எலிமெண்டுக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். பக்கத்து எலிமெண்டோடு விளிம்பு பொருந்தாமல் இடைவெளி விழலாம் என்பதால் கணித நோக்கில் இது ஒழுங்கு மீறல்தான். செங்கல் நேர்த்தியான செவ்வகமாக இருந்தவரை விடை அற்புதமாக வந்தது. கோணலானபோது, புரூஸ் அயன்ஸ் வகுத்த பேட்ச் சோதனையில், அதாவது சீரான திரிபைச் சீராகவே திருப்பித் தர வேண்டும் என்ற எளிய சோதனையில், அது தோற்றது. 1976-இல் டெய்லர், பெரஸ்ஃபோர்டு, வில்சன் மூவரும் அதைத் திருத்தினார்கள். அபாகஸில் சி3டி8ஐ என்று இருப்பது இந்த மரபில் வந்ததே. பட்டைக்கு இதைப் போட்டபோது, தடிமனுக்கு ஒரே அடுக்கில், 0.8-ஐ ஒட்டியே விடை வந்தது. அதே எலிமெண்டின் பக்கங்களை வேண்டுமென்றே சாய்த்து, சரிவகமாக்கி ஓட்டிப் பார்த்தேன். நல்ல குணம் பெரும்பாலும் போய்விட்டது. ஆகவே நேராக வெட்டி அடுக்கக்கூடிய பட்டை, தண்டு, விளிம்புத் தகடு போன்ற உருப்படிகளுக்கு இதை நம்பி எடுப்பேன். வளைவும் நெளிவுமான வார்ப்புக்கு எடுக்க மாட்டேன்.

இருபது கணுச் செங்கல் இருபடி வகையைச் சேர்ந்தது. 27 காஸ் புள்ளிகளுக்குப் பதில் 8 புள்ளிகளோடு குறைத்த தொகையீட்டில் ஓட்டினால், பட்டையின் தடிமனுக்கு ஒரே ஒரு எலிமெண்ட் போதும், 0.8 வரும், காஸ் புள்ளிகளின் தகைவைப் பரப்புக்கு நீட்டினால் 60-ம் வரும். இதிலும் மணற்கடிகார வடிவங்கள் உண்டு. ஆனால் அவை பக்கத்து எலிமெண்டுக்குத் தொற்றுவதில்லை, ஆகவே இரண்டு மூன்று எலிமெண்டுகள் சேர்ந்தாலே அடங்கிவிடும். அன்சிஸ் மென்பொருளில் சாலிட்186 என்று எல்லோரும் எடுப்பது இந்தக் குடும்பம்தான்.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் இதையே போட்டுவிடலாமே என்று கேட்கத் தோன்றும். போட முடியாது என்பதுதான் விடை. ரிப், பாஸ் எனும் புடைப்பு, துளை, வளைவு என்று எல்லாப் பக்கமும் திரும்பும் ஒரு வார்ப்பைச் செங்கற்களாகப் பிரிக்க ஒருவர் நாட்கணக்கில் உட்கார வேண்டியிருக்கும்; நான்முகிகளாகப் பிரிக்க மென்பொருளுக்குச் சில நிமிடங்கள் போதும். அந்த நாட்களைச் செலவிடத் தகுதியான உருப்படிகள் உண்டு, ஆனால் குறைவு. இங்கேதான் பத்துக் கணு நான்முகி வருகிறது. நான்கு மூலைகள், ஆறு விளிம்புகளின் நடுவில் ஆறு கணுக்கள். திரிபு அதற்குள் நேர்கோட்டில் மாற முடியும் என்பதால், மேலே இழுப்பு, கீழே அமுக்கம் என்ற வளைவின் அடிப்படை உண்மையை ஒரே எலிமெண்ட் தனக்குள் வைத்துக்கொள்கிறது.

செலவு அதிகம் என்று தயங்குபவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்வேன். பெரிய நான்முகி மெஷ் ஒன்றில் ஒரு கணுவுக்கு ஏறத்தாழ ஏழு விளிம்புகள் வரும். எல்லா விளிம்புகளிலும் நடுக்கணு வைத்தால் கணுக்கள் சுமார் எட்டு மடங்காகும். நான்கு கணு மெஷின் அளவைப் பாதியாக்கினாலும் அதே எட்டு மடங்குதான். ஒரே விலைக்கு இரண்டு பொருள்கள். ஒன்றில் திரிபு இன்னமும் துண்டு துண்டாக, இன்னொன்றில் தொடர்ந்து மாறுவதாக. வளைவும் தகைவும் முக்கியமான எந்தக் கணக்கிலும் நான் இரண்டாவதைத்தான் வாங்குவேன். உடைந்த பிராக்கெட்டைப் பத்துக் கணு நான்முகிகளால், ரிப் சேரும் வளைவைச் சுற்றி மெஷை நெருக்கி, மறுபடி ஓட்டியபோது, அந்த வளைவில் வந்த தகைவு நான் எழுதிக் கொடுத்ததைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம். விரிசல் ஓடிய கோடும் சிவப்பு விழுந்த கோடும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தின. அதை அண்ணனிடம் காட்டியபோது அவர் துண்டை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து வெகு நேரம் பார்த்தார். "இப்பச் சரியா இருக்குதுங்க தம்பி" என்று மட்டும் சொன்னார். புதிய பிராக்கெட்டில் அந்த வளைவின் ஆரத்தை இரட்டிப்பாக்கி, ரிப்பையும் தடிமனாக்கினோம்.

இருபடி எலிமெண்டுகளுக்கும் தங்கள் பிடிவாதங்கள் உண்டு. இருபது கணுச் செங்கலின் ஒரு முகத்தில் சீரான அழுத்தம் கொடுத்தால், அந்தச் சுமை கணுக்களுக்குப் பங்கிடப்படும் விதம் முதல்முறை பார்ப்பவரைத் திகைக்க வைக்கும்: நான்கு நடுக்கணுக்களுக்கும் மொத்தச் சுமையில் மூன்றில் ஒரு பங்கு வீதம், நான்கு மூலைக்கணுக்களுக்கும் எதிர்த்திசையில் பன்னிரண்டில் ஒரு பங்கு வீதம். கூட்டினால் சரியாக ஒன்று வரும். பத்துக் கணு நான்முகியின் முகத்திலோ மூலைகளுக்கு ஒன்றுமே இல்லை, மூன்று நடுக்கணுக்களே முழுச் சுமையையும் ஏற்கின்றன. கணிதப்படி இது சரி. ஆனால் இரண்டு பொருள்கள் தொட்டு அழுத்தும் இடத்தில், எந்தக் கணு தொடுகிறது, எது விலகுகிறது என்று கணு கணுவாக முடிவு செய்யும் பழைய தொடர்பு முறைகள் இந்தப் பங்கீட்டைக் கண்டு குழம்பிவிடும். மூலைக்கணு பின்னோக்கி இழுப்பதை விலகல் என்று எடுத்துக்கொள்ளும். முகத்தை முகமாகப் பார்க்கும் புதிய முறைகள் வந்த பிறகு இந்தத் தொல்லை பெரிதும் குறைந்திருக்கிறது. இருந்தாலும் போல்ட் தலை அமரும் இடத்திலும் பேரிங் அமரும் இடத்திலும் தொடர்பு அழுத்தத்தின் படம் திட்டுத்திட்டாகத் தெரிந்தால், முதலில் இதைத்தான் சந்தேகிக்கிறேன். வளைவான பரப்பில் நடுக்கணுவை இழுத்து ஒட்டும்போது எலிமெண்ட் உள்பக்கமாக மடிந்துவிடாமல் பார்த்துக்கொள்வதும் அவசியம். சின்ன ஆரமுள்ள வளைவில் பெரிய எலிமெண்டை வைத்தால் இது நடக்கும்.

பூட்டிக்கொள்ளும் இன்னொரு வகை ரப்பரில் வரும். குலுக்குச் சல்லடைகளின் காலடியில் வைக்கும் ரப்பர் கட்டைகளைக் கணக்கிட வந்தபோது இதைச் சந்தித்தேன். எஃகின் பாய்சான் விகிதம் 0.3; அதன் பருமக் குணகம் (பருமன் மாறுவதை எதிர்க்கும் விறைப்பு) யங் குணகத்தில் ஏறத்தாழ 0.83 மடங்கு. ரப்பரின் விகிதம் 0.5-ஐ நெருங்குகிறது, 0.499 என்று வைத்தால் பருமக் குணகம் யங் குணகத்தைப் போல 167 மடங்காகிவிடும். வடிவத்தை எளிதாக மாற்றிக்கொள்ளும், பருமனை மட்டும் விட்டுக்கொடுக்காத பொருள் அது. ஒவ்வொரு காஸ் புள்ளியிலும் பருமன் மாறக் கூடாது என்ற நிபந்தனை விழும்போது, எலிமெண்டுக்கு நகர்வதற்கே சுதந்திரம் மிஞ்சுவதில்லை. இதற்கு அழுத்தத்தைத் தனி மாறியாக எடுத்துக்கொள்ளும் ஹைபிரிட் எலிமெண்டுகள்தான் மருந்து. எஃகும்கூட நெகிழ்வெல்லையைக் கடந்து நிரந்தரமாக உருமாறும்போது பருமனை மாற்றிக்கொள்வதில்லை என்பதால், அங்கேயும் நான்கு கணு நான்முகியும் முழுத் தொகையீட்டு இருபது கணுச் செங்கலும் இதே போல விறைத்துக்கொள்ளும். இதைப் பலர் கவனிப்பதில்லை.

திட எலிமெண்டே வேண்டாத இடங்களையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். உருக்காலை உள்ள ஊர் இது. 2 மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் தகட்டை மடித்துச் செய்யும் தொட்டிகளும் மூடிகளும் எங்களிடம் நிறைய வரும். அவற்றுக்குத் திட எலிமெண்ட் போடுவது வீண் உழைப்பு, தகட்டை வெறும் பரப்பாக வரைந்து தடிமனை எண்ணாகக் கொடுக்கும் ஷெல் எலிமெண்ட் போதும். வெப்பம் பரவுவதை மட்டும் கணக்கிடுவதானால் நேர்விளிம்பு எலிமெண்டே பெரும்பாலும் போதும்.

எந்த எலிமெண்டை எடுத்தாலும் வண்ணப்படத்தை இரண்டு முறை பார்க்கும் வழக்கத்தை அந்த விரிசல் எனக்குக் கற்றுத் தந்தது. மென்பொருள் இயல்பாகக் காட்டுவது, ஒரு கணுவைப் பகிரும் எலிமெண்டுகள் ஒவ்வொன்றும் சொல்லும் தகைவின் சராசரி. அது பட்டுப்போல வழவழவென்று இருக்கும். சராசரியை நிறுத்திவிட்டு எலிமெண்ட் வாரியாகப் பார்த்தால், ஒரே கணுவில் ஒரு எலிமெண்ட் 40 என்கிறது, பக்கத்து எலிமெண்ட் 90 என்கிறது. நான் எழுதிக் கொடுத்த முதல் அறிக்கையின் படத்தை இப்படித் திரும்பத் திறந்து பார்த்தேன்; ரிப் சேரும் இடத்தில் அந்தத் தாவல்கள் அப்போதே இருந்திருக்கின்றன, சராசரி அவற்றைப் பூசி மெழுகியிருந்தது. இன்னொன்று: ஆரமே இல்லாமல் கூர்மையாக வரைந்த உள்மூலையில் தகைவு மெஷை நெருக்க நெருக்க ஏறிக்கொண்டே போகும், எங்கேயும் நிற்காது. அங்கே எந்த எலிமெண்டாலும் சரியான விடை தர முடியாது, ஏனெனில் வரைந்த வடிவத்துக்குச் சரியான விடை என்று ஒன்றே கிடையாது. வார்ப்பில் உண்மையில் இருக்கும் ஆரத்தை அளந்து வரைந்த பிறகுதான் எலிமெண்டைப் பற்றிப் பேசவே முடியும்.

புதிதாக எங்களோடு சேர்கிறவர்களுக்கு முதல் நாளில் நான் கொடுப்பது இந்தப் பட்டையைத்தான். கால்குலிக்ஸ் இலவசம், கீழ்நிலைக் கணினியிலும் ஓடும். நான்கு கணு, பத்துக் கணு நான்முகிகள், எட்டுக் கணுச் செங்கல் மூன்று விதமாக, இருபது கணுச் செங்கல் இரண்டு விதமாக என்று ஏழு எலிமெண்டுகளிலும் ஓட்டி, 0.8-க்கும் 60-க்கும் பக்கத்தில் எழுதச் சொல்வேன். ஓட்டுவதற்கு முன்னால், எந்த எலிமெண்ட் எப்படித் தவறும் என்பதையும் பென்சிலால் எழுதி வைக்க வேண்டும். முன்கூட்டி எழுதியது தவறினால் எனக்கு மகிழ்ச்சிதான். ஏன் தவறியது என்று அவர்கள் கேட்கும் கேள்விகளில் ஒரு முழு நாள் போய்விடும்.

இந்த மாதம் ஏற்காட்டிலிருந்து ஒரு காபித் தோட்டத்தின் பல்ப்பர் இயந்திரத்துடைய பக்கச் சட்டம் வந்திருக்கிறது. பழத்தின் தோலை உரிக்கும் உருளையை இருபுறமும் தாங்கும் பழைய வார்ப்பிரும்புச் சட்டம். ஒன்றில் பேரிங் அமரும் இடத்துக்குக் கீழே வெடித்து, எப்போதோ பற்றவைத்திருக்கிறார்கள். வரைபடம் இல்லை, ஆகவே அளந்து வரைந்தேன். உள்மூலைகளின் ஆரங்களை ரேடியஸ் கேஜால் ஒவ்வொன்றாக எடுத்தேன், எல்லாம் ஒரே அளவில் இல்லை. வார்ப்பிரும்பு இழுப்பில் வளைந்துகொடுக்காமல் உடைவது என்பதால் பரப்பின் இழுதகைவுதான் இங்கே முழுக் கேள்வியும். பத்துக் கணு நான்முகி, மூலைகளில் ஆரத்துக்கு ஆறு எலிமெண்ட் வருமாறு நெருக்கம், பேரிங் இருக்கையில் முகத்துக்கு முகம் தொடர்பு என்று அமைத்திருக்கிறேன். எலிமெண்ட் வாரியாகப் பார்த்ததில் மூன்று மூலைகளில் தாவல் சிறியது. நான்காவதில், பழைய பற்றுவைப்புக்கு அருகில், இன்னும் பெரியது. அங்கே மெஷை ஒருமுறை நெருக்கி இரவு ஓட விட்டிருக்கிறேன். அறுவடை தொடங்குவதற்குள் டயல் கேஜையும் இரண்டு எடைக்கற்களையும் எடுத்துக்கொண்டு மேலே போக வேண்டும்; உடையாத சட்டத்தில் சுமையை ஏற்றி, பேரிங் இருக்கை எத்தனை மைக்ரான் இறங்குகிறது என்று அளந்து, என் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே புதிய வார்ப்புக்கு வடிவம் கொடுப்பதாகத் தோட்டக்காரரிடம் சொல்லியிருக்கிறேன்.